வெள்ளிக்கிழமை அதிதி

எந்தக் கதையைச் சொன்னாலும் எதிர்வீட்டு மாவ்ஷி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "சரி மக்கா, அவன் அம்மா என்ன சொன்னா?"

மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. எங்களுக்கு அவள் சித்தியும் இல்லை, அத்தையும் இல்லை. மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவளுடையது. கட்டடம் முழுக்கப் பாலக்காட்டுக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும். எல்லாருக்கும் கோட்டைப் பக்கம் குமாஸ்தா வேலை. எல்லார் வீட்டிலும் காலை எட்டு மணிக்கு ஒரே சாம்பார் வாசனை. நடுவில் இவள் ஒருத்தி மட்டும் வேறு. என்ன வேறு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு மாசம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் ஆறு மாசம். என் மனைவி ஆறே நாளில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அது தப்பான முடிவு, அவ்வளவுதான்.

"ஏன்னா, எதிராத்து மாமி வெள்ளிக்கிழமை தவறாம விளக்கேத்தறா, பாத்தேளோ? சூரியன் அஸ்தமிக்கறதுக்கு முந்தியே. சனிக்கிழமையானா அடுப்பே மூட்டறதில்லை. ஒருபொழுதாக்கும். பெருமாளுக்கோ, சனி பகவானுக்கோ. நம்மாத்திலே யாருக்காவது அந்த ஆசாரம் உண்டோ?"

கடைசிக் கேள்வி எனக்காகப் போட்டது. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி இரண்டு மசால் தோசை தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பசியோடு இருப்பவன்போல உட்கார்கிறவன் நான்.

அந்தச் சனிக்கிழமையே ஒரு பித்தளைத் தூக்கு நிறைய எள்ளு சாதம் எதிர்வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் தூக்கு திரும்பி வந்தது, தேங்காய்ப் பூரணம் வைத்த சோமாசியுடன். என் மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல நீங்கோ சாப்பிடுங்கோ. கண்ட எடத்திலேயும் சாப்பிட்டுப் பழகின உடம்பு."

நான் நாலு தின்று உயிரோடு இருந்தேன். ஐந்தாவதை அவள் எடுத்துக்கொண்டாள்.

பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது மாவ்ஷியின் சட்டம். பலகாரம் இல்லாத நாளில் ஒரு கரண்டி சர்க்கரை. சர்க்கரைக்கு ரேஷன் வந்த பிறகு, சர்க்கரையும் இல்லாத நாளில், தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் நிலைப்படியில் நின்று ஒரு கதை சொல்லிவிட்டுக் கொடுப்பாள்.

அவள் பேசிய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராவிக்குப் பக்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக மருத்துவச்சி. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள். அவள் தமிழ் அந்தப் பெண்கள் இடுப்பு வலியில் கத்தும்போது கற்றுக்கொண்ட தமிழ். அதில் 'வாங்கோ, போங்கோ'வுக்கெல்லாம் அவகாசம் கிடையாது. பி.ஏ. பாஸ் செய்து, டை கட்டிக்கொண்டு ரயிலேறுகிற என்னை, பார்த்த முதல் நாளே "ஏல, உன் பேரு என்னல?" என்றாள். என் மனைவியை "ஏட்டி" என்றாள். பாலக்காட்டு அக்கிரகாரத்திலிருந்து வந்தவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வருஷம் கழித்து மாவ்ஷி ஏதோ ஞாபகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். "என்மேலே கோவமோ?" என்று இவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

நான் முதல் முதலாக அவள் வீட்டுக்குள் போன அன்றே ஒரு காரியம் செய்தேன். கூடத்தில் இரண்டு ஸ்டூல், ஒரு நாற்காலி. நாற்காலிமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. எனக்காகத்தான் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். கால்மேல் கால் வேறு. மாவ்ஷி ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு டீ கொண்டுவந்தாள். அது அவர்களுடைய தீர்க்கதரிசி ஒருவருக்காகக் காலியாகவே வைத்திருக்கிற நாற்காலி என்று பல மாசம் கழித்துத் தெரிந்தது. அவர் எப்போது வேண்டுமானாலும் வருவாராம், பரதேசி வேஷத்தில் வருவாராம்.

"அப்பவே எழுந்திருக்கச் சொல்லப்படாதா மாவ்ஷி?"

"யாரு கண்டா? அவரு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவாருன்னு."

இந்த மூஞ்சியை எந்தத் தீர்க்கதரிசியும் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று கண்ணாடி பார்த்தவன் என்ற முறையில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் வேலை எதுவும் செய்ய மாட்டாள். இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள நடையில் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். நான் தோசை செரிக்க எதிரே உட்காருவேன். அப்படித்தான் ஒரு நாள் சொன்னாள்: "எங்க ஆளுக கொங்கணக் கரையிலே செக்காட்டினவங்க. சனிக்கிழமை மட்டும் செக்கு ஆடாது. ஊர்க்காரன் எங்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க்காரன்னே பேரு வச்சுட்டான். நாங்க யூதரு மக்கா."

ஆறு மாச எள்ளு சாதம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் மனைவியைக் கேட்டேன். அவள், "அதனாலென்ன? விளக்கு விளக்குதானே" என்று சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் தூக்கை அனுப்பினாள்.

அந்த நடையில்தான் எங்கள் கதைப் பண்டமாற்று. என் புராண ஞானம், ஊரில் கதாகாலட்சேபம் முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரத்துக்குப் போய் உட்கார்ந்து சம்பாதித்தது. எல்லாக் கதைக்கும் முடிவு தெரியும், ஆரம்பம் தெரியாது. ஆனாலும் விடவில்லை. அவள், மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்தவன் கதையைச் சொன்னாள். "எங்களுக்கு மீனே சாமி" என்று நான் ஒரு படி மேலே போனேன். அவளுக்குப் போட்டியெல்லாம் தெரியாது. "மூணு நாளும் அவன் அம்மா தேடலியான்னு எங்க புஸ்தகத்திலே போடலை மக்கா" என்றாள் வருத்தமாக. வெண்ணெய் திருடின பிள்ளையைத் தாய் உரலில் கட்டிப்போட்ட கதையை மூன்று தடவை கேட்டாள். "இதிலேதாம்ல அம்மாவுக்கு ஒரு சோலி இருக்கு."

என் மனைவி ஏழு மாசமாக இருந்தபோது மாவ்ஷி அவளுக்கு ஒரு மலைக் கதை சொன்னாள். ஒரு கிழவர் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். அங்கே புதரில் ஒரு ஆட்டுக்கடா கொம்பு மாட்டிக் கிடந்தது. அதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள்.

"எதுக்கு மலையேறினா?" என்றாள் இவள்.

"சும்மாத்தான் ஏட்டி. காத்து வாங்க."

இவளுக்கு ஆட்டைப் பற்றித்தான் கவலை. ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு கோவாக்காரக் கிறிஸ்தவர். இப்படி ஒரு கதை உண்டா என்று அவரைக் கேட்டேன். உண்டு என்றார். கிழவர் போனது காற்று வாங்க அல்ல. பிள்ளையையே பலி கொடுக்கச் சொல்லி உத்தரவு. விறகைப் பிள்ளை சுமந்து போனான், கத்தியைத் தகப்பன் வைத்திருந்தார். கடைசி நிமிஷத்தில் கடவுள் கையைத் தடுத்து ஆட்டைக் காட்டினார்.

பிள்ளைத்தாய்ச்சி காதில் விழக் கூடாது என்று மாவ்ஷி கத்தியை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். நடையில் பார்த்தபோது கேட்டேன். "அதை விடு" என்றாள். "அந்தக் கதையே எனக்குப் பிடிக்காது. அவன் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. காலையிலே எந்திரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான்." இரண்டு மாசத்தில் என் மகள் பிறந்தாள். மாவ்ஷி கையில்தான் பிறந்தாள்.

மாவ்ஷிக்கு ஒரே பிள்ளை. நான் பார்த்ததில்லை. கப்பலில் ஒயர்லெஸ் வேலைக்குப் போனவன். யுத்த சமயம், தாய் விடமாட்டாள் என்று தெரிந்து, அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது மேசைமேல் ஒரு கடிதாசை வைத்துவிட்டுப் போய்விட்டான். யுத்தத்தின் நாலாவது வருஷம், கோடையில், ஒரு பழுப்புக் கவர் வந்தது. அவளுக்கு மராத்திதான் வாசிக்கத் தெரியும். கவரை என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு தடவை படித்தேன்.

"செத்துட்டான்னு போட்டிருக்கா?"

"இல்லை மாவ்ஷி."

"இருக்காம்னு?"

"அப்படியும் இல்லை. கப்பல் போய்ச் சேரலையாம். தகவல் இல்லையாம்."

"ஒரு பக்கம் நெறைய எழுதியிருக்கானே. பின்ன என்னதாம்ல போட்டிருக்கு?"

அதற்கப்புறம் சில வாரம் நடையில் ஸ்டூல் வரவில்லை. வந்த முதல் சனிக்கிழமை, அவளாகவே கேட்டாள். "உங்க சாமி கதையிலே, காணாமப் போன பிள்ளை திரும்பி வர்ற கதை உண்டுமால?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒரு கதை ஞாபகம் வந்தது. தமிழ் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிவன் ஒரு சாமியார் வேஷத்தில் ஒரு பக்தர் வீட்டுக்கு வருகிறார். பிள்ளைக் கறிதான் சாப்பிடுவேன் என்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் கலந்து பேசி, தங்கள் ஒரே பிள்ளையை, தாய் காலைப் பிடித்துக்கொள்ளத் தகப்பன் அரிந்து, சமைத்து வைக்கிறார்கள். இலை போட்டதும் சாமியார், "உங்கள் பிள்ளை பக்கத்தில் உட்காராமல் சாப்பிட மாட்டேன், வாசலில் போய்க் கூப்பிடு" என்கிறார். கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவன்போலப் பிள்ளை ஓடி வருகிறான்.

அதை எப்படி அப்படியே சொல்வது? பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவளிடம் அரிவாளும் குழம்புமா? மாவ்ஷி என் மனைவிக்குச் செய்ததையே நான் அவளுக்குச் செய்தேன். கத்தியை எடுத்துவிட்டேன். ஒரு சாமியார் விருந்துக்கு வந்தார். வீட்டில் பிள்ளை இல்லை, எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்றார் சாமியார். தாய் வாசலில் போய்க் கூப்பிட்டாள். வந்துவிட்டான்.

"அம்மாவா கூப்பிட்டா?"

"அம்மாதான்." இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன், அவள் கேள்விக்கு முதல் தடவையாக நல்ல பதில் கிடைத்த சந்தோஷத்தில்.

"கூப்பிட்டதும் வந்துட்டானா?"

"ஓடி வந்துட்டான்."

அவள் எடுத்த கத்தியால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் கத்தியை எடுத்த இடத்தில் ஒரு வாக்குறுதி உட்கார்ந்துகொண்டது. அது எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

ஆபீஸிலிருந்து வந்து டையைக்கூட அவிழ்க்கவில்லை. மாவ்ஷி கதவில் நின்றாள். "ஏல, வா." உள்ளே விளக்கு எரிந்தது. இருட்டடிப்பு உத்தரவுக்காக ஜன்னலில் கறுப்புக் காகிதம். தட்டில் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்த அவல், சுற்றிலும் பழங்கள். அவர்கள் தீர்க்கதரிசிக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற தட்டு அது. வெள்ளைத் துணி நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரு. நீதான் அன்னைக்கு அதிலே வந்து உக்காந்தவன். அந்தச் சாமியாரு சொன்னதைச் சொல்லு."

வேடிக்கை செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அவள் வேடிக்கை செய்து நான் பார்த்ததே இல்லை.

"சொல்லு மக்கா."

சொன்னேன். "பிள்ளை எங்கேம்மா? பிள்ளை பக்கத்திலே உக்காராம நான் சாப்பிட மாட்டேன். கூப்பிடு."

மாவ்ஷி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கதவைத் தாண்டி மாடிப்படி வரை போனாள். கீழே பார்த்து, "பாளா, யே" என்றாள். 'குழந்தே, வா' என்று அர்த்தம். மூன்று தடவை. மூன்றாவது தடவை மட்டும் கொஞ்சம் உரக்க. பிறகு காத்திருந்தாள். பிறகு திரும்பி வந்து தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னைக்கு வரலை. நீ சாப்பிடு."

மழைக்காலம் முழுக்க, வெள்ளிக்கிழமைதோறும், நான் கடவுள் உத்தியோகம் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாதரில் ரயில் நிற்கும்போது, இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானிப்பேன். மாதுங்கா வருவதற்குள் அது இறங்கிப் போய்விடும். அவல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் மூன்றாவது தடவை கூப்பிட்டதும் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாக ஏறி வருகிற சத்தம். மாவ்ஷியின் கை படிக் கிராதியைப் பிடித்துக்கொண்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கடவுளே, என் புளுகு பலித்துவிட்டதா என்று கும்பிடக்கூடத் தோன்றிற்று. ஏறி வந்தவர் மூன்றாம் மாடி ஸ்டெனோ, கையில் முட்டைக்கோஸ். "என்ன மாமி, சாரல்லே நனைஞ்சுண்டு நிக்கறேள்?" என்று கேட்டுவிட்டு மேலே போனார். மாவ்ஷி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் "நீ சாப்பிடு" என்றாள்.

மழை விட்ட பிறகு எங்கள் தெரு மண்டபத்தில் ஒரு பாகவதர் வந்து வாரம் முழுக்கக் கதை சொன்னார். நான் ஆபீஸிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. கீழ்வீட்டில் சாவி. "மாமியும் மாவ்ஷியும் கதைக்குப் போயிருக்கா. இன்னிக்குப் பிள்ளைக் கறியாம்."

என் மனைவிமேல் குற்றம் இல்லை. நான் மாவ்ஷிக்குக் கதையை முழுசாகத்தான் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்தாள். மாவ்ஷிக்குப் பிடித்த கதையாயிற்றே, ராகத்தோடு கேட்கட்டும் என்று ஆசையாகக் கூட்டிப் போயிருக்கிறாள்.

ஓடினேன். போனபோது பாகவதர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தாய் மடியில் பிள்ளை, கிண்கிணி கட்டின கால்களைத் தாய் பிடித்துக்கொள்கிறாள், பிள்ளை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறது. மண்டபம் மூக்கைச் சிந்திற்று. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் மாவ்ஷி நேராக உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலித் தமிழ் தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தை தப்பியிருக்காது. பாகவதர் கூப்பிடும் கட்டத்துக்கு வந்தார். ஜனங்கள் எழுந்து நின்று கை குவித்தார்கள். பிள்ளை ஓடி வந்தான். மாவ்ஷி எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். இரண்டாம் மாடியில் மாவ்ஷி தன் கதவைத் திறந்துவிட்டு நின்றாள்.

"அவ காலைப் பிடிச்சுக்கிட்டாளால?"

"ஆமாம் மாவ்ஷி."

"நீ சொல்லலியே."

"மனசு வரலை. நீங்க அப்போ இருந்த இருப்பிலே..."

"ஏட்டிக்கு நான் மறைச்சேம்லா, அந்த மாதிரி."

"ஆமாம்."

தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. ஒரு கணக்கு இப்போதுதான் புரிந்ததுபோல இருந்தது. "அவகிட்ட கேட்டிருக்காங்க மக்கா. அவ குடுத்திருக்கா. அதான் கூப்பிட்டதும் வந்தான். கேட்டு வாங்கின பாத்திரம்னா திரும்பி வரும். எங்கிட்ட யாரும் கேக்கலியே. கேக்காம எடுத்துட்டுப் போனது எப்படில வரும்? அத்தனை வெள்ளிக்கிழமையும் சும்மால்லா கத்தியிருக்கேன்."

"கதைதானே மாவ்ஷி" என்றேன். என் வாயிலிருந்து எத்தனையோ மட்டமான வாக்கியங்கள் வந்திருக்கின்றன. இதற்கு ஈடு எதுவும் இல்லை.

மாவ்ஷி என்னை உற்றுப் பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் பார்த்த மாதிரி. "பின்ன நீ எதுக்குல வாரா வாரம் வந்து உக்காந்தே?"

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். விளக்கு எரிந்தது. தட்டு இல்லை. நாற்காலியில் துணி இல்லை, மேலே துவைத்த புடவைகள் மடித்து வைத்திருந்தன. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், பழைய வசனத்தையே சொன்னேன். "பிள்ளை வராம நான் சாப்பிட மாட்டேன் மாவ்ஷி."

"அப்ப பட்டினி கெட மக்கா" என்றாள். டீ கொடுத்தாள்.

அவள் மாறிவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. என் மகளுக்கு மாந்தம் வந்தபோது இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தாள். தூக்கில் எப்போதும் ஏதாவது போட்டுத்தான் அனுப்பினாள். சனிக்கிழமை நடையில் ஸ்டூலும் வந்தது. கதை மட்டும் வரவில்லை. நான் ஏதாவது ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டிருப்பாள். முடிந்ததும் எழுந்து போவாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்பதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பூனாவில் தங்கை வீட்டோடு போய்விடுவதென்று தீர்மானித்தாள். சாமான்களை முன்னாலேயே அனுப்பிவிட்டதால், கடைசி இரண்டு நாளைக்குக் கஞ்சி வைக்க என் மனைவியிடம் அந்தப் பித்தளைத் தூக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். கிளம்புகிற காலை, கீழே குதிரை வண்டி நின்றது. மாவ்ஷி எங்கள் நிலைப்படிக்கு வந்து தூக்கை நீட்டினாள்.

என் மனைவி பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்தாள். தேய்த்துக் கழுவித் துடைத்து, தங்கம் மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சரி, கதை ஏதாவது சொல்லப்போகிறாள் என்று இரண்டு பேரும் நின்றோம். அவள் என் மகளின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பினாள்.

எனக்குத்தான் எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காதே. "என்ன மாவ்ஷி, இத்தனை வருஷத்திலே மொதல் தடவையாக் காலிப் பாத்திரம்?" என்றேன்.

"கேட்டுத்தானே வாங்கினேன் மக்கா" என்றாள், படியில் கால் வைத்தபடி. "திருப்பிக் குடுத்துட்டேன்."